“இடம் இல்லை” என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும்!

ஜூன் மாதம் வந்தால் போதும். வீட்டுக்கு வீடு புதுச் சட்டை, புதுப் பை, புது நோட்டு! பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தாயும் தகப்பனும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு வீடு திரும்புகிறார்கள். சிலர் மட்டும் பிள்ளையோடு போய், பிள்ளையோடேயே திரும்பி வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது. அல்லது காது கேட்காது. அல்லது நடக்க முடியாது. அல்லது வயதுக்கு ஏற்ற அறிவு வளர்ச்சி இல்லை.

அவர்களுக்குக் கிடைக்கும் பதில், ஊருக்கு ஊர் ஒன்றுதான்.

“இந்த வருஷம் இடம் இல்லை.”

“அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

“இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை.”

“இவனுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே கொண்டு போங்கள்!”

“மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.”

இந்த ஐந்து பதில்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஐந்தும் வாய்ச் சொல்! எதுவும் காகிதத்தில் இல்லை. சொன்னவர் நாளைக்கு “நான் சொல்லவே இல்லை” என்றால், கேட்டவரிடம் சாட்சி இல்லை.

ஊனமுற்ற பிள்ளைகளுக்காக நாட்டில் நல்ல சட்டங்கள் இருக்கின்றன. அவை தோற்றுப் போவது பெரும்பாலும் கோர்ட்டில் அல்ல. தலைமை ஆசிரியர் அறையில், ஒரே ஒரு வாய்ச் சொல்லில் தோற்றுப் போகின்றன!

தயவு அல்ல, உரிமை

தமிழ்நாட்டுக்கு இரக்கம் புதிது அல்ல. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாளையங்கோட்டையில் கண் தெரியாத பிள்ளைகளுக்கும், காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்கள் தொடங்கப்பட்டுவிட்டன. தொடங்கியவர்கள் கருணை உள்ளம் படைத்தவர்கள். அவர்களால் எத்தனையோ பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள், தொழில் கற்றார்கள்.

ஆனால் கருணை என்பது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. இன்று கொடுக்கலாம், நாளை கை விரிக்கலாம். உரிமை அப்படி அல்ல. அதைக் கேட்டு வாங்கலாம். கொடுக்காவிட்டால் “ஏன்?” என்று கேட்கலாம்.

அந்த உரிமை படிப்படியாக வந்தது.

1995-ம் ஆண்டு, ஊனமுற்றோருக்காகப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. 18 வயது வரை இலவசக் கல்வி என்று அது சொன்னது.

2002-ம் ஆண்டு அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பிறந்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. 2017-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

பழைய சட்டம் 7 வகை ஊனங்களைத்தான் சொன்னது. புதிய சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. கண், காது, கை, கால் குறைகளோடு அது நிற்கவில்லை. ஆட்டிசம் இருக்கிறது. ரத்தக் குறைபாட்டு நோய்கள் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் “டிஸ்லெக்சியா” என்ற குறையும் இருக்கிறது. இதுவரை “மக்கு” என்று பெயர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கத்தின் பணம் பெறும் பள்ளிக்கும் அது பொருந்தும். அரசாங்கத்தின் அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும். அதாவது, “எங்களுடையது தனியார் பள்ளி” என்று சொல்லித் தப்ப முடியாது!

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்:

பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். படிப்பிலும் விளையாட்டிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள்ளே பிள்ளை போய் வர வசதி செய்ய வேண்டும். படிக்கட்டு இருந்தால் அதன் பக்கத்தில் சாய்தளம் வேண்டும். கழிப்பறையும் அந்தப் பிள்ளை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்.

பிள்ளைக்கு என்ன உதவி தேவையோ, அந்த உதவியை அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். கண் தெரியாத பிள்ளைக்கு பிரெயில் எழுத்து. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி. இப்படி யாருக்கு எது பொருந்துமோ, அந்த முறையில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

படிக்கத் திணறும் பிள்ளையை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கு வந்து போக வாகன வசதி செய்ய வேண்டும். அதிக உதவி தேவைப்படும் பிள்ளையாக இருந்தால், கூட வரும் துணை ஆளுக்கும் சேர்த்து வசதி வேண்டும்.

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சர்டிபிகேட் பெற்ற பிள்ளைகளுக்குச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 18 வயது வரை புத்தகங்களும், படிப்புக்கு வேண்டிய கருவிகளும் அவர்களுக்கு இலவசம்!

கல்வி உரிமைச் சட்டமும் சில கதவுகளைத் திறந்து வைக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால், முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்! வகுப்பில் பிள்ளையை அடிக்கக் கூடாது. மனம் நோகும்படி துன்புறுத்தவும் கூடாது.

தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைகளுக்கும் பின்தங்கியவர்களுக்கும் ஒதுக்கப்படுகிறது அல்லவா? 2012-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், ஊனமுற்ற பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது.

எந்தப் பள்ளி? யார் முடிவு?

“தனிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போங்கள்” என்ற பதில்தான் அதிகமாகக் கேட்கிறது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுகூடச் சொல்லலாம். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் நிறைந்த பள்ளி நல்லதாகவே இருக்கலாம்.

ஆனால் கேள்வி அது அல்ல. யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

சட்டத்தின் 31-வது பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள 6 வயது முதல் 18 வயது வரையிலான பிள்ளை, அருகில் உள்ள பள்ளியிலும் இலவசமாகப் படிக்கலாம். சிறப்புப் பள்ளியிலும் படிக்கலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு உரியது. பிள்ளைக்காகப் பெற்றோர் யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துத் தள்ள முடியாது.

வீட்டிலிருந்தே படிப்பதும் அப்படித்தான். கடுமையான ஊனம் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. அது பிள்ளைக்குக் கொடுத்த வசதி. “உங்கள் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்” என்று பள்ளிக்கூடம் கதவைச் சாத்துவதற்குக் கொடுத்த அனுமதி அல்ல!

பரீட்சை அறையிலே...

சேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. பரீட்சை வருகிறது.

கை எழுத முடியாத பிள்ளைக்குச் “சொல்வதை எழுதுபவர்” வேண்டும். மெதுவாக எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். சிலருக்கு இரண்டாவது, மூன்றாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு வேண்டும். இவை மூன்றையும் சட்டத்தின் 17-வது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

2021-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இரண்டு வழக்குகளை விசாரித்தது.

ஒன்று, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஓர் இளைஞருடைய வழக்கு. அவர் மத்திய அரசுப் பணிப் பரீட்சை எழுதியவர். “40 சதவீத ஊனம் இருந்தால்தான் உதவி” என்று அவருக்கு மறுப்புச் சொல்லப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சதவீதக் கணக்கை மட்டும் காட்டி, எழுதுவதற்குத் துணை ஆள் கொடுக்க மறுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

இன்னொன்று, ஒரு மாணவியின் வழக்கு. எழுதுவதில் குறைபாடு உள்ளவர். மருத்துவப் படிப்புக்கான “நீட்” பரீட்சையில் அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும். பரீட்சை மையத்தில் அது தரப்படவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார். அவருக்கு அநியாயம் நடந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதைச் சரிசெய்ய வழி பார்க்கும்படி பரீட்சை நடத்தியவர்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் மறு பரீட்சைக்கு உத்தரவிடவில்லை.

நீதி கிடைத்தது. போன ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை!

இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பரீட்சை அன்று போய் வாதாடிப் பயன் இல்லை. பல மாதங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் உத்தரவு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

புகார் எழுத்தில், மறுப்பு வாயில்!

இவ்வளவு சட்டம் இருந்தும் பிள்ளைகள் ஏன் வெளியே நிற்கிறார்கள்?

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம். நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாடு முழுவதும் இவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேர்தான்! மீதி 45 பேரில் எத்தனை பேர் பள்ளிக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள்? யாருக்கும் தெரியாது. ஏனென்றால், திருப்பி அனுப்பியதற்குக் கணக்கு இல்லை. வாய்ச் சொல்லுக்கு ஏது கணக்கு?

சட்டத்திலேயே ஒரு விந்தை இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு பெற்றோர் புகார் செய்ய வேண்டும் என்றால், எழுத்தில் செய்ய வேண்டும். உள்ளாட்சி அமைப்பு அதை விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையர் ஓர் அதிகாரிக்குப் பரிந்துரை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அதிகாரி மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஆக, பெற்றோர் எழுத வேண்டும். அதிகாரி காரணம் சொல்ல வேண்டும். ஆனால் முதன்முதலில் “முடியாது” என்று சொன்ன பள்ளிக்கூடம் மட்டும் ஒரு வரி எழுத வேண்டியது இல்லை!

ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அடைக்க வேண்டியதும் அதைத்தான்.

அமெரிக்காவில் நடந்தது

இந்த ஓட்டையை அடைக்க முடியுமா? முடியும். அமெரிக்கப் பெற்றோர் அடைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்கா பணக்கார நாடு. ஆனாலும் 1970-ம் ஆண்டில் அங்கே ஊனமுற்ற பிள்ளைகளில் ஐந்துக்கு ஒருவர்தான் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் படித்தார்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் 1949-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு உள்ள மனவளர்ச்சி இல்லை என்றால், அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்க்க மறுக்கலாம் என்று அது சொன்னது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் 1971-ம் ஆண்டு கோர்ட்டுக்குப் போனது.

அவர்களுக்கு முதலில் கிடைத்தது என்ன? புதுப் பள்ளிக்கூடமா? புது ஆசிரியரா? இல்லை. பெற்றோருக்கு முறைப்படி தகவல் கொடுக்காமல், அவர்கள் பக்க நியாயத்தைக் கேட்காமல், எந்தப் பிள்ளையையும் தள்ளி வைக்கக் கூடாது என்ற உத்தரவு! அதன் பிறகுதான் மற்றவை எல்லாம் வந்தன.

1972-ம் ஆண்டு தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு வழக்கு. “பணம் போதவில்லை” என்றது பள்ளி நிர்வாகம். நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. பணம் குறைந்தால் அந்தக் கஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஊனமுற்ற பிள்ளைகள் தலையில் மட்டும் அதிகமாக ஏற்றக் கூடாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

1975-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, ஜனாதிபதி போர்டு நாடு முழுவதற்கும் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு ஊனமுற்ற பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுத வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதை எழுதும் மேஜையில் ஆசிரியர்களோடு பெற்றோருக்கும் ஒரு நாற்காலி உண்டு! பெற்றோர் கேட்ட உதவியைப் பள்ளிக்கூடம் மறுத்தால், என்ன மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கேயும் சண்டைகளும் வழக்குகளும் ஓயவில்லை. ஆனால் அங்கே சண்டை போடும் பெற்றோர் கையில் ஒரு காகிதம் இருக்கிறது.

ஆசிரியர் எதிரி அல்ல

“பள்ளிக்கூடத்தின் கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது” என்று ஆசிரியர்கள் சொல்லலாம். அதிலும் நியாயம் உண்டு.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரே ஆசிரியர். அதில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்காது. இன்னொரு பிள்ளை ஓர் இடத்தில் உட்காராது. ஆசிரியர் என்ன செய்வார்? சைகை மொழியை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கஷ்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டும் அறியும். அதனால்தான் 2021-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் தந்தது. ஆரம்ப வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர். அதற்கு மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது அந்தக் கணக்கு.

அப்படியானால், ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? பெற்றோரிடம் “ஆள் இல்லை” என்று வாயால் சொல்லி அனுப்பினால், அந்தக் குறை அவருடைய அறையிலேயே செத்துப் போகிறது. மேலே இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. கேட்டால், “எல்லாப் பள்ளிகளிலும் எல்லாம் சரியாக இருக்கிறது, புகார் எதுவும் இல்லை” என்பார்கள்.

அதையே அவர் எழுதிக் கொடுத்தால்? “பிள்ளையைச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் சிறப்பாசிரியர் இல்லை. சாய்தளம் இல்லை” என்று எழுதினால்? அந்தக் காகிதம் கல்வி அதிகாரிக்குப் போகும். கலெக்டருக்குப் போகும். ஒரு மாவட்டத்தில் நூறு காகிதம் சேர்ந்தால், அது நூறு பிள்ளைகளின் கணக்கு ஆகும். பட்ஜெட்டில் பணம் ஒதுக்கக் காரணம் ஆகும்.

எழுத்து பெற்றோருக்கு மட்டும் பாதுகாப்பு அல்ல. நல்ல ஆசிரியருக்கும் அதுவே துணை!

“பிள்ளையைப் பழி வாங்கிவிட்டால்?”

எழுத்தில் கேட்பதற்குப் பெற்றோர் தயங்குகிறார்கள். அவர்கள் அச்சம் வீண் அச்சம் அல்ல. “எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். தினமும் அங்கே போய் உட்காரப் போவது நம் பிள்ளைதானே?” என்று தாய் நினைக்கிறாள். அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு, ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று.

இந்த அச்சத்துக்கு ஒரு மருந்து உண்டு. தனியாகப் போகாமல், சேர்ந்து போவது.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதில் உரிய பங்கு தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவில்தான் 2012-ம் ஆண்டு முதல் ஊனமுற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள்!

அமெரிக்கப் பெற்றோருக்குக் கிடைத்த நாற்காலி அளவுக்குப் பெரியது அல்லதான். ஆனாலும் அது ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து கேட்கும் கேள்வி தனி மனிதருடைய மனத்தாங்கல் ஆகாது. குழுவின் கேள்வி ஆகும். கூட்டக் குறிப்பில் ஏறும்.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே யோசிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் காலிப்பர் போட்ட பிள்ளை உட்கார்ந்தால், தங்கள் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடாது. கை கொடுத்து ஏற்றிவிடப் பழகும் பிள்ளை, எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம் ஒன்றைப் படிக்கிறது.

நான்கு வரிக் கடிதம்

எழுத்தில் கேட்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியது இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நான்கு வரி போதும்:

“ஐயா, என் மகளுக்கு வயது 6. காது கேட்காது. தங்கள் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு இதற்கு உரிமை தருகிறது. சேர்க்க இயலாது என்றால், காரணத்தை எழுத்தில் தரும்படி வேண்டுகிறேன்.”

கீழே தேதி, கையெழுத்து. எழுதத் தெரியாதவர், தெரிந்தவரைக் கொண்டு எழுதிக் கைநாட்டு வைக்கலாம். இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்றைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். தபால் ரசீதே சாட்சி!

பதில் வரவில்லையா? கல்வி அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத் திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். திங்கட்கிழமைகளில் கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். அதற்கும் மேலே மாநில ஆணையர் இருக்கிறார். ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கவும், ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

அரசுப் பள்ளியாக இருந்தால், 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம். “என் மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?” என்று ஒரு கேள்வி போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

சட்டத்தை மீறுகிறவர்களுக்குத் தண்டனையும் உண்டு. முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50 ஆயிரம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊனமுற்ற ஒருவரை அவமானப்படுத்த வேண்டும் என்றே பலர் முன்னிலையில் இழிவாகப் பேசினால், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை ஜெயில்! ஆனால் தண்டனை வாங்கித் தருவது பெற்றோரின் நோக்கம் அல்ல. பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

பெற்றோர் மட்டும் எழுதினால் போதாது. அரசாங்கம் ஓர் உத்தரவு போட வேண்டும்.

அந்த உத்தரவு நீளமாக இருக்க வேண்டாம். “அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும், ஊனமுற்ற பிள்ளையைச் சேர்க்கவோ, கேட்ட உதவியைச் செய்யவோ இயலாது என்றால், ஒரு வாரத்துக்குள் காரணத்தை எழுதிப் பெற்றோரிடம் தர வேண்டும். அதன் நகலை மாவட்டக் கல்வி அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும்.” இவ்வளவு போதும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும்.

ஆனால் அதன் பலன் பெரிது. வாயால் “முடியாது” என்று சொல்வது சுலபம். சட்டத்துக்கு விரோதமான காரணத்தைத் தன் கையாலேயே எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவது சுலபம் அல்ல. பேனாவை எடுக்கும்போதே பல தலைமை ஆசிரியர்கள் யோசிப்பார்கள். “எழுதுவதைவிடச் சேர்த்துக்கொள்வதே மேல்” என்ற முடிவுக்கு வருவார்கள். உண்மையிலேயே வசதி இல்லாதவர்கள், இல்லை என்று எழுதுவார்கள். அந்த வசதியைச் செய்து தரும் பொறுப்பு அரசாங்கத்துக்கு வந்து சேரும்.

அந்த உத்தரவு வரும் வரையில் பெற்றோர் காத்திருக்க வேண்டியது இல்லை. எழுதிக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. அடுத்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடும் ஊனச் சான்றிதழோடும் அந்த நான்கு வரிக் கடிதமும் கையில் இருக்கட்டும்!